செப்டம்பர் மூன்றாம் வார இறுதி: அம்மாவையும் பையனையும் எங்கே கூட்டிப்போவது?

கும்பகோணத்தான் கேட்டது:

வணக்கம். பாரிஸுக்குத் தெற்கே எஸ்ஸோன் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா முதல் தடவையாக வந்திருக்கிறார், அக்டோபர் முதல் வாரம் ஊர் திரும்புகிறார். செப்டம்பர் மூன்றாம் சனி ஞாயிறில் 'ழுர்னே து பத்ரிமுவான்' (பாரம்பரிய நாட்கள்) வருகிறதே, அரண்மனை, அமைச்சகம் என்று எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிடுவார்களாம். போன இரண்டு வருடமும் அந்த இரண்டு நாளைத் தூங்கியே கழித்துவிட்டேன்.

நிலவரம் இதுதான். அம்மாவுக்கு 68 வயது, வலது முட்டியில் வலி. படி ஏறினால் அன்று ராத்திரி தைலம் தேய்த்துவிட வேண்டும். பையனுக்கு ஏழு வயது. குதிரை, ரயில் இரண்டையும் விட்டால் அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. எனக்கு ஜனாதிபதி இருக்கிற எலிசே மாளிகைக்குள் போய்ப் பார்க்க ஆசை. யாராவது போயிருக்கிறீர்களா? வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

லாஷப்பல்வாசி:

எலிசேக்குப் போயிருக்கிறேன். அந்தக் காலத்தில் விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். சமீப வருடங்களில் இணையத்தில் முன்பதிவு. கிடைத்தால் விடாதீர்கள். புதன்கிழமைதோறும் அமைச்சரவை கூடும் முரா மண்டபம், தோட்டம் எல்லாம் பார்க்கலாம். பாஸ்போர்ட்டோ செழூர் அட்டையோ (வசிப்பு அனுமதி அட்டை) கையில் இருக்கட்டும், பெரிய பை வேண்டாம். கிடைக்காவிட்டால் நாட்டின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்திருக்கும் பாந்தியோன் போங்கள், அன்று டிக்கெட் கிடையாது.

வில்லியனூர் அக்கா:

தம்பி, மேலே சொன்னவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் பாந்தியோனுக்கு அந்த நாளில் போகாதீர்கள். அது வருடம் முழுக்கத் திறந்திருக்கிற இடம். குளிர்கால மாதங்களில் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், கூட்டமும் குறைவு. உங்கள் பையனுக்கு என்றைக்குமே டிக்கெட் இல்லை. மற்ற 363 நாளும் பூட்டிக்கிடக்கிற கதவுக்குத்தான் இந்த இரண்டு நாள்.

ஆரம்பமே அப்படித்தான். 1984இல் ஜாக் லாங் கலாச்சார அமைச்சராக இருந்தபோது, 'வரலாற்றுச் சின்னங்களில் திறந்த கதவு நாள்' என்ற பெயரில் ஒரே ஒரு ஞாயிறாகத் தொடங்கினார்கள். நெதர்லாந்துக்காரர்கள் 1987இல் தங்களுக்கென்று ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். 1991இல் ஐரோப்பிய கவுன்சில் அதைக் கையில் எடுத்தது. இப்போது நாட்டுக்கு நாடு ஒரு தேதி, ஜெர்மனியில் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. இங்கே அரண்மனையோடு நிற்கவில்லை. மேரி (நகராட்சி அலுவலகம்), நீதிமன்றம், மூடிய தொழிற்சாலை, யாரோ குடியிருக்கிற பழைய வீடு என்று எல்லாம் சேர்ந்துகொண்டன.

என் கதையைச் சொல்கிறேன். 1993இல் புதுச்சேரியிலிருந்து வந்தேன். வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, எனக்கு இல்லை. செழூர் அட்டைக்காக எங்கள் மாவட்ட ப்ரெஃபெக்தூரின் (நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி) பக்கவாட்டுச் சந்தில் காலை ஐந்து மணிக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். முன்வாசலில் பெரிய இரும்புக் கேட்டு, பூட்டியே இருக்கும். கம்பி வழியாகச் சரளைக்கல் முற்றமும் அகலமான படிக்கட்டும் தெரியும். அந்தப் படியில் யார் ஏறுவார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

பத்துப் பதினோரு வருடம் கழித்து ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, சந்தைக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், அந்தக் கேட்டு திறந்துகிடக்கிறது. கூடையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே உள்ளே நடந்தேன். பையை மட்டும் பார்த்தார்கள். யாரும் எண் கேட்கவில்லை. ப்ரெஃபே, அதாவது அந்த அலுவலகத்தின் தலைவர், விருந்து கொடுக்கிற கூடம், கண்ணாடி விளக்கு, அவருடைய மேசை. அந்தப் பதவியை 1800இல் நெப்போலியன் உண்டாக்கினான் என்று ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன், நான் நின்ற சந்து தெரிகிறதா என்று. தெரியவில்லை. ஒரு பெரிய மரம் மறைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: வெளியிலிருந்தே பார்த்துப் பழகிய கட்டடத்துக்குத்தான் போவேன். நடுவில் ஒரு வருடம் ஆசைப்பட்டுப் பெரிய மாளிகை ஒன்றுக்கு (பெயர் எதற்கு) நாலேகால் மணி நேரம் நின்றேன். உள்ளே இருபது நிமிடம், கயிற்றுக்கு இந்தப் பக்கம். இன்றைக்கும் ஞாபகம் இருப்பது எனக்கு முன்னால் போனவரின் சாம்பல் நிற ஸ்வெட்டர்தான்.

பாரிஸ் போயே தீர வேண்டும் என்றால் செனட் இருக்கும் லுக்சம்பூர் மாளிகை. நான்காம் ஹென்றியின் விதவை மரி த மெதிசி 1615இல் கட்டத் தொடங்கியது. 57 மீட்டர் நீளத்தில் ஒரு மண்டபம், கண் கூசும் அளவுக்குத் தங்கம், அதில் நெப்போலியனின் சிம்மாசனம். முடித்து வந்தால் தோட்டம், பச்சை இரும்பு நாற்காலி, அம்மா காலை நீட்டி உட்காரலாம். குதிரை என்றால் பாஸ்தீய் பக்கத்தில் செலஸ்தான் என்ற இடம், குடியரசுக் காவல் படையின் லாயம். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், முட்டி உங்களை மன்னிக்காது. எதற்கும் அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆனால் முதலில் உங்கள் ஊர் மேரியின் இணையதளத்தைப் பாருங்கள்.

சுரங்கப்பாதை:

ரயில் பைத்தியமா பையன்? பாரிஸ் மெட்ரோவில் போர்த் தே லிலா நிலையத்தில் பயணிகள் போகாத நடைமேடை ஒன்று இருக்கிறது, 'சினிமா' என்றே பெயர். படப்பிடிப்புக்குத்தான் பயன்படுத்துவார்கள். சில வருடங்களில் இந்த வார இறுதியில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். முன்பதிவு உண்டு, படியும் உண்டு. பாட்டியை மேலே காபிக் கடையில் விட்டுவிட்டு இறங்கலாம்.

கும்பகோணத்தான்:

அக்கா, மேரி பக்கத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரிலும் மூன்று இடம் திறக்கிறார்கள்! மேரி, தேவாலய மணிக்கூண்டு, அப்புறம் 'லாவுவார்' என்று ஒன்று. அது என்ன? சாப்பாடு, கழிப்பறைக்கு என்ன செய்வது?

வில்லியனூர் அக்கா:

லாவுவார் என்றால் ஊர்ப் பெண்கள் துணி துவைத்த இடம். ஊற்று நீரோ ஓடை நீரோ தொட்டியில் விழும், சுற்றிச் சாய்வுக்கல், மேலே ஓட்டுக்கூரை. 1851இல் பொதுக் குளியலறைக்கும் துவைக்கும் துறைக்கும் அரசு பணம் ஒதுக்கிச் சட்டம் போட்டது. காலரா பயம். அதற்குப் பிறகுதான் ஊருக்கு ஊர் எழும்பின. வீட்டுக்கு மெஷின் வந்ததும் கேட்பாரில்லை. அங்கே பெரும்பாலும் ஊர்ச் சங்கத்துத் தாத்தா ஒருவர் நிற்பார். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், நீங்களும் நிறுத்தாதீர்கள்.

மணிக்கூண்டு அம்மாவுக்கு வேண்டாம். கழிப்பறை மேரியில் இருக்கும். தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். சங்கத்துக்காரர்கள் கேக் விற்பார்கள், அம்மா முட்டை சாப்பிடமாட்டார் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கும்பகோணத்தான்:

திங்கட்கிழமை எழுதுகிறேன். எலிசேயை விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை லாவுவார்.

நான் தினம் பஸ் ஏறுகிற நிறுத்தத்துக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் இருக்கிறது. மூன்று வருடமாக அதைக் கார் ஷெட் என்று நினைத்திருந்தேன். அக்கா சொன்ன மாதிரியே ஒரு தாத்தா, கழுத்தில் மப்ளர். வைக்கோல் பரப்பிய மூன்று பக்கப் பலகைப் பெட்டி ஒன்றைக் காட்டி, பெண்கள் அதற்குள் மண்டியிட்டுத் துவைப்பார்கள் என்றார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தன் முட்டியைத் தொட்டுக்கொண்டு, "நின்னு துவைக்கிறதை விட்டுட்டு எதுக்கு மண்டி போட்டாங்க?" என்று கேட்டார். அதை அவருக்கு மொழிபெயர்த்தேன். தாத்தா தண்ணீரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தண்ணீர் தரைமட்டத்தில் இருக்கிறதே என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. துணி அடிக்கிற மரக்கட்டையை அவர் நீட்ட, வாங்கிக் கல்லில் இரண்டு போடு போட்டார். "சத்தம் சரியில்ல. எங்க படித்துறைக் கல்லுன்னா அந்தக் கரைக்குக் கேக்கும்." இதை மொழிபெயர்க்கவில்லை.

மணிக்கூண்டில் நானும் பையனும் ஏறினோம். புறா எச்சம், ஒரு மணி, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் மேலே இருக்கும்போதே பதினொன்று அடித்துவிட்டது. பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்ததை இன்னும் நிறுத்தவில்லை. மேரியில் மரியான் சிலையைப் பார்த்து அம்மா, "இது என்ன சாமி?" என்றார். சாமி இல்லை, குடியரசு என்றேன். அதற்குமா சிலை என்றார்.

எல்லாம் சரி, ஞாயிறு காலை காபி குடிக்கும்போது, "அரண்மனைன்னு ஒண்ணுகூடப் பாக்கலையே, ஊர்ல கேட்டா என்னத்தக் காட்டுறது?" என்று ஆரம்பித்துவிட்டார். ஆர்இஆர் (புறநகர் ரயில்) பிடித்து லுக்சம்பூர் போனோம். வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, உள்ளே போகவில்லை. தோட்டத்தில் குட்டைக் குதிரைச் சவாரி இருந்தது, பையன் இரண்டு சுற்று. அம்மாவைப் பச்சை நாற்காலியில் உட்காரவைத்து, மாளிகை பின்னால் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். மடியில் தயிர்சாத டப்பா திறந்திருப்பதைக் கவனிக்கவில்லை. அந்தப் படம்தான் இப்போது கும்பகோணத்தில் எல்லார் போனிலும் இருக்கிறது.