பூங்காவில் பிள்ளைகள் நிகழ்ச்சி: வெளிநாட்டுச் சபைக் குழு வரலாமா, வந்தால் எப்படி?

சுண்டுக்குளிவாசி

வாற ஓகஸ்ட்டிலை கனடாவில் இருந்து ஒரு திருச்சபையைச் சேர்ந்த 14 பேர் யாழ்ப்பாணம் வருகினம். ஐந்து நாள், பின்னேரங்களிலை, சுப்பிரமணியம் பூங்காவிலை 5 முதல் 12 வயதுப் பிள்ளையளுக்கு விளையாட்டு, பாட்டு, கைவேலை, ஒரு வேதாகமக் கதை, சிற்றுண்டி எண்டு திட்டம். 80 பிள்ளையள் வரை வரலாம். இடம், அனுமதி, உதவிக்கு ஆக்கள் எல்லாம் உள்ளூர்ச் சபைதான் பாக்க வேணும். உது தேவையோ எண்டதிலேயே சபைக்குள்ளை இரண்டு கருத்து. வேண்டாம் எண்டுறவை ஏன் எண்டும், செய்யலாம் எண்டுறவை எப்பிடிச் செய்யிறது எண்டும் எழுதுங்கோ.

வண்ணார்பண்ணை

வேண்டாம் என்பது என் பக்கம்.

பிள்ளையை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு அங்கே என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று தெரியும். பூங்காவுக்கு அனுப்பும் தாய் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் நினைத்துத்தான் அனுப்புகிறாள். அங்கே பலூனைக் கண்டு ஓடிப்போன பிள்ளை, அரை மணித்தியாலம் கழித்துக் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு நின்றால், அதற்கு வீட்டில் யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. சிறுவர் உரிமைகள் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 14ஆம் உறுப்புரை பிள்ளையின் மதச் சுதந்திரத்தைச் சொல்லும் அதே இடத்தில், அதில் பிள்ளைக்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சொல்கிறது.

அடுத்தது காலம். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆவணி அமாவாசையில் தீர்த்தம். ஓகஸ்ட்டில் எந்த ஐந்து நாளை எடுத்தாலும் பெரும்பாலும் திருவிழாவுக்குள்தான் விழும். சைவ வீடுகளில் மச்சம் சமைக்காத நாட்கள் அவை. குழுவுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஊர் அப்படி எடுத்துக்கொள்ளாது. தெரிந்தே அந்த நாட்களைப் பிடித்தார்கள் என்றுதான் கதைக்கும்.

பூவரசு

வண்ணார்பண்ணை அண்ணை, உங்கடை முதல் காரணம் சரி. ஆனா அது வீட்டுக்குச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ எண்டதுக்குக் காரணம். செய்யவே கூடாது எண்டதுக்கு அது காணாது. அரசியலமைப்பின்ரை 10ஆம், 14ஆம் உறுப்புரையள் மதத்தைப் பின்பற்றவும் வெளிப்படுத்தவும் உரிமை தருகுது. 2004இலை கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது அதின்ரை சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவில்லை.

பிள்ளையளின்ரை பக்கத்தையும் பாருங்கோ. புலமைப்பரிசில் பரீட்சை எண்டு மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்குது. பின்னேரம் நாலு மணிக்கு வெளியிலை நிண்டு விளையாடுற பிள்ளையை ரவுணுக்குள்ளை தேடவேண்டிக் கிடக்கு. ஐந்து பின்னேரம் வேர்க்க விறுவிறுக்க ஓடினால் அது அந்தப் பிள்ளைக்கு லாபம்.

விளையாட்டை அங்கையிருந்து கொண்டுவரத் தேவையில்லை. கோடு மறிச்சு விளையாடுற கிளித்தட்டுப் போடுங்கோ. ஒரு தட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 12 பேர் காணும். 80 பிள்ளைக்கு ஒரு தட்டெண்டால் மிச்சப் பேர் நிண்டு பாத்துக் களைச்சுப் போயிடுவினம். நாலு தட்டாவது வேணும். கோட்டுக்குச் சுண்ணாம்புத்தூள் போடாதேங்கோ, விழுந்து எழும்புற பிள்ளைக்குக் கண்ணிலை பட்டால் எரிச்சுப்போடும். ஒரு வாளி வெள்ளை மணலைக் கையாலை வடிச்சுக்கொண்டு போனால் கோடு வடிவா விழும். வாற பெடியளுக்கு நடுக்கோட்டிலை கிளி எப்பிடி ஓடுறது எண்டு இங்கத்தைப் பிள்ளையளே பழக்கட்டும். அந்த நேரம் ஆருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.

கைவேலைக்கும் பெட்டி பெட்டியாச் சாமான் வேண்டாம். பூவரசம் இலை, கடும் பிஞ்சும் இல்லாமல் முத்தலும் இல்லாமல். காம்பையும் நுனியையும் கிள்ளி, ஒரு ஓரத்தில் இருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை விரலாலை நசுக்கித் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ. பிஞ்சு இலை ஊதேக்கை கிழியும், முத்தல் சுருட்டேக்கையே வெடிக்கும். சின்னாக்களுக்கு அதுவே பத்து நிமிசம்.

மானிப்பாய்ச் சந்தி

இது சபைக்குள் இருந்தே வரும் எதிர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. அந்த மிசனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, தமிழ் படித்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, 1873இல்தான் கடைசியாகத் திரும்பினார். இடையில் சில வருடங்கள் ஊருக்குப் போயிருந்ததைக் கழித்தாலும் இருபது வருடம். அவர்களோடு வாதாடிய ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இரண்டு பக்கமும் பிள்ளைகளுக்காக வருடக்கணக்கில் உழைத்தன. ஐந்து நாளில் வந்து போவதற்கும் அதே 'ஊழியம்' என்ற சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை.

மொழியால் வரும் கேட்டைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வசனம், தமிழில் ஒரு வசனம் என்று போனால் பத்து நிமிடக் கதை இருபத்தைந்து நிமிடம் ஆகும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஏழாவது நிமிடத்திலேயே மண் கிளறத் தொடங்குவார்கள். பின்னால் நிற்பவர் அதட்டுவார். கதை கெட்டுப்போகும், பிள்ளைக்கும் மனம் சுளிக்கும்.

பிறகு படங்கள். வெறுங்காலோடு நிற்கும் பிள்ளையைக் கிட்டப் போய் எடுத்து, திரும்பிப் போனதும் காணிக்கைக் கூட்டத்தில் காட்டுவது பல குழுக்களிடம் இருக்கும் பழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு விளையாடிய பிள்ளை அங்கே செருப்பு இல்லாத பிள்ளை ஆகிவிடும். பெற்றோர் அதை முகநூலில் காணும்போது வரும் கோபம் நியாயமானது.

14 பேரின் விமானச் செலவில் பாதியைக் கொடுத்தால் எத்தனை சனசமூக நிலையங்களுக்குப் பந்து, வலை, அறுந்த ஊஞ்சலுக்குச் சங்கிலி வாங்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

வருவதா வேண்டாமா என்பது முடிவாகட்டும். வந்தால் பிழைக்கும் இடங்கள் இவை.

நேரம்: 4.15 முதல் 6.00. நாலு மணிக்கு முந்திய வெயிலில் சின்னப் பிள்ளைகளை ஓடவிடக் கூடாது. ஓகஸ்ட்டில் ஆறரை அளவில் இருட்டத் தொடங்கும். பிள்ளையைப் பெரியவரிடம் கையளித்து முடிக்க அரை மணித்தியாலம் பிடிக்கும், அந்த வெளிச்சத்தைக் கணக்கில் விடாமல் 6.15 வரை நிகழ்ச்சி போடுவதுதான் வழமையாக நடக்கும் பிழை.

தண்ணீர்: ஒரு பிள்ளைக்கு அரை லீற்றர். 80 பேருக்கு 40 லீற்றர், இரண்டு 20 லீற்றர்ப் போத்தல். மூன்றாவதும் கையில் இருக்கட்டும். பக்கத்துக் கிணற்றில் அள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் பல இடங்களில் நைத்திரேற்று கூடுதல்.

தேசிக்காய்த் தண்ணி: 200 மில்லிலீற்றர்க் குவளை 80 என்றால் 16 லீற்றர். தேசிக்காய் 70, சீனி ஒன்றரைக் கிலோ, உப்பு 3 தேக்கரண்டி. அலுமினியப் பானையில் கரைக்காதீர்கள். புளிப்பு அலுமினியத்தைத் தின்னும். எவர்சில்வர் அல்லது உணவுக்குரிய பிளாஸ்ரிக் வாளி. ஐஸ்தான் பெரிய ஆபத்து. மலிவாகக் கிடைக்கும் பெரிய கட்டி மீனுக்குப் போடுவதற்கு உறைய வைத்தது, குடிநீரில் செய்தது என்று யாரும் உறுதி சொல்வதில்லை. அதை வாளிக்கு வெளியே சுற்றி அடுக்கிக் குளிராக்கலாம். உள்ளே ஒரு துண்டும் விழக்கூடாது.

சிற்றுண்டி: கடலை நல்லது. காய்ந்த கடலை இரண்டரைக் கிலோவை முதல் நாள் இரவு ஊறப்போட்டால் அவிந்து ஐந்தரைக் கிலோ அளவில் வரும், ஆளுக்கு 65 கிராம். தேங்காய்ச் சொட்டை வீட்டிலேயே கலந்து கொண்டுவந்தால் அந்தச் சூட்டில் புளிக்கும். தனியாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது தூவுங்கள். தம்பி தங்கச்சி என்று கூட வரும் மூன்று வயதுக்காரருக்குக் கடலையை மசித்துக் கொடுக்க வேண்டும், முழுசாகத் தொண்டையில் அடைக்கும். ரோல்ஸ் வேண்டாம்: மீனோ முட்டையோ இருக்கும், திருவிழாக் காலத்தில் அதைவிடப் பிழை வேறில்லை. கச்சான் (நிலக்கடலை) சேர்ந்த எதுவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் வரும் மெத்தென்ற இனிப்புகளில் ஜெலற்றின் இருக்கும். மாட்டிலோ பன்றியிலோ எடுத்தது. சைவப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்க முடியாது. இதரை வாழைப்பழம் எல்லாருக்கும் பொது.

பலூன்: எட்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. வெடித்த துண்டை வாயில் வைத்து உறிஞ்சினால் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். முகத்தில் நிறம் பூசுவதென்றால் தோலுக்கென்று செய்த நீர் நிறம் மட்டும், பிள்ளைக்கு ஒரு பஞ்சு. ஒரே பஞ்சு பத்து முகத்துக்குப் போனால் கண்நோய் சபை முழுக்கச் சுற்றும்.

பண்ணைப்பாலம்

ஆக்களைப் பற்றியும் எழுத வேணும், சாப்பாட்டை விட அது முக்கியம்.

பத்துப் பிள்ளைக்கு இரண்டு பெரியவை: ஒருவர் உள்ளூர், ஒருவர் வாறவர். எந்த நேரமும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடை தனிய நிக்கப்படாது. மலசலகூடத்துக்குப் போறதெண்டால் இரண்டு பிள்ளையள் சேர்ந்து, உள்ளூர் அக்காமாரில் ஒருவர் வாசல் வரை. வாற 14 பேரும் தங்கடை நாட்டுப் பொலிஸ் சான்றிதழைப் பயணத்துக்கு முன்னமே அனுப்ப வேணும். பிள்ளையளோடை தொலைபேசி இலக்கம், முகநூல், வட்ஸ்அப் ஒண்டும் மாறப்படாது. தனி ஒரு பிள்ளைக்குப் பரிசு குடுக்கப்படாது. சந்தேகமான ஒண்டு கண்ணிலை பட்டால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ரை இலக்கம். அந்த இலக்கம் பதிவு மேசையிலை பெரிசா ஒட்டிக் கிடக்க வேணும். அம்புலன்சுக்கு 1990. நாய் கடிச்சால் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியிலை 15 நிமிசம் கழுவி, உடனை யாழ். போதனா வைத்தியசாலை. சின்னக் கீறல்தானே எண்டு விடப்படாது.

பதிவிலை பேர், வயது, பெற்றோரின்ரை இலக்கம், ஒவ்வாமை, ஆர் கூட்டிக்கொண்டு போவினம் எண்டு ஐந்து நிரல். கையிலை இலக்கம் எழுதின துணிப்பட்டி. அதே இலக்கத் துண்டு வீட்டாரிடம். துண்டு இல்லாமல் வாறவரிடம் பிள்ளையைக் குடுக்கிறதில்லை, மாமா எண்டாலும்.

அனுமதி: பூங்கா மாநகர சபையின்ரை. ஆணையாளருக்கு மூன்று கிழமைக்கு முதல் கடிதம்: திகதி, நேரம், ஆக்களின் தொகை, குப்பையை ஆர் அள்ளுவினம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேறை. 80 பிள்ளைக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை, ஒரு விசில் காணும்.

விசா: சுற்றுலா விசாவிலை சம்பளத்துக்கோ சும்மாவோ வேலை செய்யப்படாது எண்டு நிபந்தனை கிடக்கு. ஐந்து நாள் பிள்ளையள் நிகழ்ச்சியும் அதுக்குள்ளை வருமோ எண்டதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எழுத்திலை கேட்டு, எழுத்திலை பதில் எடுத்துப்போட்டுச் சீட்டுப் போடுங்கோ.

வண்ணார்பண்ணை

கணக்குப்பிள்ளையும் பண்ணைப்பாலமும் எழுதியதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் துணிப்பட்டியும் தேசிக்காய்த் தண்ணியும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் நடுவில் கதையைச் செருகினால், பசித்த பிள்ளை எழும்பிப் போகாது. அது சம்மதம் ஆகாது.

மானிப்பாய்ச் சந்தி

இந்த இடத்தில் நான் வண்ணார்பண்ணையோடு நிற்கிறேன். சிற்றுண்டியைக் கொடுத்து முடித்து, 'விளையாட்டு முடிந்தது, வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம்' என்று சொல்லிவிட்டுத்தான் கதை தொடங்க வேண்டும். இருபது பிள்ளை மட்டும் மிஞ்சினால் இருபது பேருக்குச் சொல்லுங்கள். கதையை உள்ளூரவர் தமிழில் சொல்லட்டும், வந்தவர்கள் வாய் திறக்காமல் நடிக்கட்டும்.

பூவரசு

அப்பிடிச் செய்தால் கதைக்கு ஒருத்தரும் நிக்கமாட்டினம் எண்ட பயம் தேவையில்லை. நடிப்பு நல்லா இருந்தால் பிள்ளை தானா நிக்கும். ஆனா ஒண்டு, மானிப்பாய்ச் சந்தி. சங்கிலிக்குக் காசு குடுக்கிறது நல்லது எண்டுறியள், அதைக் குடுத்துப்போட்டு ஆரும் வரவேண்டாம் எண்டால் அங்கை வளருற எங்கடை பிள்ளையள் இந்த ஊரை எப்ப காணுறது? வாற 14 பேரிலை தமிழ் வீட்டுப் பிள்ளையளும் இருப்பினம். கிளித்தட்டு அவைக்கும் சேத்துத்தான்.

மானிப்பாய்ச் சந்தி

வரட்டும். அந்தப் படம் எடுக்கும் பழக்கத்தை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரட்டும். கமெராவை ஒரே ஒருவர் வைத்திருக்கட்டும். முகம் தெரியாமல், கூட்டமாக, பெற்றோர் கையெழுத்து வைத்த பிள்ளைகளை மட்டும்.

சுண்டுக்குளிவாசி

எல்லாத்தையும் வாசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறம். திருவிழா முடிஞ்சு, தீர்த்தத்துக்குப் பிறகு நாள் எடுக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதியாச்சு. பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தால் சனி ஞாயிறு மட்டும். கதை சிற்றுண்டிக்குப் பிறகு, கடைசியா. செபம் பூங்காவிலை இல்லை, அது தேவாலயத்திலை. விசாப் பதில் வரும்வரை சீட்டுப் போடுறதில்லை. வீடுகளுக்குக் குடுக்கிற துண்டு இது:

"5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பூங்காவில் விளையாட்டும் கைவேலையும். பி.ப. 4.15 முதல் 5.35 வரை. சைவச் சிற்றுண்டி உண்டு. 5.40க்கு இயேசுவின் கதை ஒன்று நடித்துக் காட்டப்படும், விரும்பாதவர்கள் 5.35க்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லலாம். உங்கள் அனுமதி இல்லாமல் படம் எடுக்கப்படாது. நடத்துவது உள்ளூர்த் திருச்சபையும் கனடாவிலிருந்து வரும் குழுவும்."

வண்ணார்பண்ணை

நடத்துவது யார் என்பதையும் இயேசுவின் கதை என்பதையும் முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். கடைசியில் இருந்தால் சமையலுக்கு நடுவில் வாசிக்கும் தாய் அதுவரை வரமாட்டாள்.

சுண்டுக்குளிவாசி

மாத்தியாச்சு. அச்சுக்குக் குடுக்க முதல் இன்னொருக்கா இங்கை போடுறம்.