மறு: வி.பி.டி.க்கு ‘வளிமண்டல வறட்சி’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கட்டுரை மொழிபெயர்ப்பில் வி.பி.டி. (vapour pressure deficit) என்பதற்குத் தொண்டி ஐயா முன்வைத்த ‘வளிமண்டல வறட்சி’ எனக்கு நெருடுகிறது. நம் ராமநாதபுரத்தில் வறட்சி என்றாலே மழை பொய்த்தது, கண்மாய் வற்றியது என்றுதான் காதில் விழும். வி.பி.டி. அது இல்லை. ஒரு வெப்பநிலையில் காற்றில் நீராவி முழுக்க நிரம்பினால் வரக்கூடிய அழுத்தத்திலிருந்து, இப்போதுள்ள நீராவியின் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது.

‘ஈரப்பதக் குறைவு’ம் ஒத்துவராது. 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் 30 டிகிரி செல்சியஸில் இருந்தால் இந்தக் கணக்கு சுமார் 1.7 கிலோபாஸ்கல் (அழுத்த அலகு), அதே 60 விழுக்காடு 40 டிகிரியில் 2.95. ஈரப்பதம் மாறவே இல்லை, இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு.

நாம் மொழிபெயர்க்கும் கட்டுரை தென்மேற்குச் சீனாவின் கார்ஸ்ட் (சுண்ணாம்புப் பாறை நீரில் கரைந்து வெடிப்பு விட்ட நிலம்) மலைகளில் வளரும் மரங்களைப் பற்றியது. அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. மேல்மண் மெல்லியது, பெய்த நீர் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது. சில மரங்களின் வேர் அந்த வெடிப்புக்குள்ளேயே போய்க் குடிக்கும். ஆக மேல்மண் காய்ந்திருக்கும்போதும் மரத்துக்கு நீர் கிடைக்கலாம். மண் நனைந்திருக்கும்போதும் காற்று உலர்ந்திருக்கலாம். காற்று உலர உலர நீராவிப்போக்கு (இலை வழியே நீர் ஆவியாகி வெளியேறுவது) முதலில் கூடும். ஒரு கட்டத்தில் இலைத்துளைகள் ஒடுங்கத் தொடங்கும். ஏற்றம் நின்றுவிடும், சில இனங்களில் இறங்கவும் செய்யும். இதையெல்லாம் எழுதுகிற இடத்தில் “வறட்சி கூடியபோது நீராவிப்போக்கும் கூடியது” என்று ஒரு வரி வந்தால், எந்த வறட்சி என்று படிப்பவர் தலையைச் சொறிவார்.

பாம்பனில் மீன் காயப்போடும் பெண்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் நாளில் நெத்திலி சாயங்காலத்துக்குள் விறைத்துவிடும். ஐப்பசியில் கொண்டல் (கிழக்கிலிருந்து வரும் காற்று) திரும்பினால் பிசுபிசுத்துக் கிடக்கும். அவர்கள் பார்ப்பது காற்றை, மண்ணை இல்லை. (காற்றின் வேகமும் இதில் சேர்த்தி, அது வேறு கணக்கு.)

என் பரிந்துரை ‘ஆவிக்குறை’. முதல்முறை ‘ஆவியழுத்தப் பற்றாக்குறை’ என்று முழுதாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். ஆவி என்றால் பேய் என்று கிண்டல் வேண்டாம், இட்லி அதில்தான் வேகிறது. ‘காற்றின் தாகம்’ நாளிதழ் தலைப்புக்கு அழகு; “தாகம் 2 கிலோபாஸ்கல்” என்று வரைபடத்தில் போட முடியுமா?

கார்ஸ்ட் என்ற சொல் அப்படியே இருக்கட்டும். ‘சுண்ணாம்பு நிலம்’ என்றால் பாம்பன் தீவின் பவளப்பாறையையும் அதில் சேர்த்துவிடுவார்கள்.

— மண்டபத்திலிருந்து

*

தம்பி,

வறட்சி வேண்டாம், சரி. ஆனால் ‘ஆவிக்குறை’யை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “ஆவிக்குறை குறைந்தது”. நாக்கு தடுக்குகிறது. இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே உள்ளதுதானே? ‘ஆவியிடைவெளி’ என்றால் கூடியது, குறைந்தது இரண்டும் ஒட்டும்.

இன்னொன்று. இலையின் வெப்பநிலையை வைத்துக் கணக்கிடும் வி.பி.டி.யும் கட்டுரையின் பின்பாதியில் வருகிறது. அதை ‘இலை–காற்று ஆவியிடைவெளி’ என்று நீட்டிக்கொள்ளலாம். ‘இலை–காற்று ஆவிக்குறை’ என்றால் குறை இலைக்கா, காற்றுக்கா?

— தொண்டியிலிருந்து