மறு: ஃபங்கியிடே – உதிர்பவளமா, காளான் பவளமா?

வணக்கம்.

ஃபங்கியிடே என்ற பவளக் குடும்பத்துக்குத் தமிழ்ப் பெயராக முன்வைக்கப்பட்ட 'உதிர்பவளம்' சொல் அழகாகத்தான் இருக்கிறது. காரணமும் வலுவானது. இளம் பவளம் காம்பின் மேல் ஒட்டி வளரும். தட்டு போன்ற அதன் உடல் அகன்றதும் காம்பின் சுண்ணாம்பு ஓரிடத்தில் கரைந்து, தட்டு கழன்று விழும். மிஞ்சிய காம்பு மறுபடியும் தட்டு விடும். விழுந்தது மணல்மேல் கிடந்து வாழும். கவிழ்ந்துபோனால் சதையை உப்பவைத்து நிமிர்ந்துகொள்ளும் வகைகளும் உண்டு.

ஆனால் குடும்பம் முழுவதும் உதிர்வதில்லையே? பொடபாசியா க்ரஸ்டேசியா என்ற இனம் கடைசிவரை பாறையை விடாது, காந்தாரெல்லஸ் பேரினமும் அப்படித்தான். (காந்தாரெல்லஸ் என்று ஒரு நிஜக் காளானும் இருக்கிறது! விலங்குக்கும் பூஞ்சைக்கும் பெயரிடும் விதிகள் வேறு என்பதால் இரண்டும் செல்லும்.) ஒற்றை வாயுள்ள தனி உயிர் என்ற பொருளில் 'தனிப்பவளம்' என்பதும் தேறாது. இக்குடும்பத்தின் ஃபங்கியா பேரினத்துக்கு ஒரே வாய், சரி. இதே குடும்பத்து ஹெர்போலித்தாவுக்கு நீளப் பள்ளம் நெடுக வாய்கள்.

லின்னேயஸ் 1758இல் ஓர் இனத்துக்கு 'ஃபங்கைட்டிஸ்' என்று பெயர் வைத்தார், லமார்க் 1801இல் ஃபங்கியா என்ற பேரினத்தை வைத்தார், டானா 1846இல் குடும்பமாக்கினார். லத்தீனில் 'ஃபங்கஸ்' என்றால் காளான்; மூவர் வைத்த பெயரிலும் காளான்தான். நடுவாயிலிருந்து விளிம்புவரை ஓடும் மெல்லிய தகடுகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். காளானில் அவை குடையின் அடியில், இதில் மேல்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தகட்டு விளிம்பின் பற்களை வைத்துத்தான் இனங்களைப் பிரித்துவந்தார்கள். 2011இல் வந்த மரபணு ஆய்வு, ஃபங்கியாவுக்குள் இருந்த பல பிரிவுகளைத் தனிப் பேரினங்களாக்கிவிட்டது. வகைப்பாடு இப்படி நகரும்போது, பண்பைச் சொல்லும் பெயர் நாளைக்கே பொய்யாகலாம். தோற்றத்தைச் சொல்லும் பெயருக்கு அந்த ஆபத்து குறைவு. அதனால் என் ஓட்டு காளான் பவளத்துக்கே.

உண்மையான சிக்கல் வேறிடத்தில். மீன்தொட்டி வளர்ப்பவர்கள் டிஸ்கோசோமாவையும் காளான் பவளம் என்கிறார்கள். அதற்குக் கல் எலும்புக்கூடே கிடையாது, வரிசையே வேறு. சார்கோஃபைட்டனுக்கும் குடை வடிவம், ஆனால் அது மென்பவளம். முன்னதன் வரிசைக்குப் 'பவளப்போலி', பின்னதற்குத் 'தோல்பவளம்' என்று ஒதுக்கிவிட்டால் குழப்பம் தீரும்.

அப்புறம், மேல்பக்கத் தகட்டுக்கு (செப்டம்) 'இடைத்தகடு', அதன் தொடர்ச்சியாக அடிப்பக்கம் ஓடும் வரம்புக்கு (கோஸ்டா) 'விலாவரி' என்று குறித்திருக்கிறேன். 'விலாவரி' கொஞ்சம் உறுத்துகிறது. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.