நன்றாக ஓடும் கேனுலாவை 72 மணி நேரத்தில் கழற்றியே ஆகணுமா?

கடலூர் நைட் டியூட்டி:
கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனை, ஆண்கள் மெடிக்கல் வார்டு. 72 மணி நேரம் ஆகிவிட்டால் கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வென்ஃப்ளானை (மருந்து, டிரிப் ஏற்றக் கை நரம்பில் செருகும் கேனுலா) கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சர்க்கரை நோயாளி, நரம்பே கிடைக்காது. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கும்மா மறுபடி குத்துற?" என்கிறார். அவர் மகன் புது வென்ஃப்ளான் வாங்க பார்மசிக்கு ஓடுகிறார்.

2012இல் லான்செட்டில் ஓர் ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் 3 மருத்துவமனைகள், 3,283 நோயாளிகள். குறித்த நாளில் மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் ஃபிளெபைடிஸ் (கேனுலா போட்ட நரம்பில் வரும் அழற்சி) ஒரே அளவு, 7 சதவீதம். பிரிண்ட் எடுத்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்தேன். "டாக்டர் எழுதட்டும்" என்றார். டாக்டரோ, "அது நர்சிங் பாலிசி, என்னைக் கேட்காதீங்க" என்கிறார். அப்புறம் யாரைத்தான் கேட்பது?

புதுவை ஐசிஎன் (தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்):
சிஸ்டர், அந்தப் பேப்பரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் தேவைப்பட்டால் மட்டும் மாற்றும் முறைக்குப் போனபோது ரத்தத்தில் தொற்று கூடியது. பழைய முறைக்கே திரும்பினார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கேனுலாக்களின் கணக்கு அது, 2021இல் வெளிவந்தது. ரத்தத் தொற்று அபூர்வம், மூவாயிரம் பேரில் அது சரியாகத் தெரியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2011 வழிகாட்டியும் பெரியவர்களுக்கு 72–96 மணி நேரத்துக்கு முன்னால் மாற்றத் தேவையில்லை என்கிறதே தவிர, அதற்கு மேல் விடலாமா என்பதை முடிவு செய்யாமல்தான் விட்டிருக்கிறது.

உங்கள் வார்டில் ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது விஐபி ஸ்கோர் (கேனுலா போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் பார்த்துப் போடும் மதிப்பெண்) பார்த்து எழுதுகிறார்களா? போர்வையை விலக்காமலே வரிசையாக 0 போடுகிற சார்ட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் 72 மணி நேர விதியே நோயாளிக்குப் பாதுகாப்பு. 2 வந்தால் கழற்றிவிட வேண்டும், அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். முதலில் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரு மாதச் சார்ட்டைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டிக்கு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வழியாகக் கொண்டுபோங்கள். பாலிசியை மாற்றுகிற இடம் அதுதான். டாக்டரும் அங்கே இருப்பார், நழுவ முடியாது.

பழைய இன்சார்ஜ்:
இன்சார்ஜைத் திட்டாதேம்மா. கை வீங்கிவிட்டால் மெமோ அவளுக்குத்தான் வரும், ஆஸ்திரேலியாக்காரருக்கு வராது.

எம்.எஸ்சி. நர்சிங், கோரிமேடு:
அக்கா, இது உங்கள் வார்டு கதை மட்டுமில்லை. ஆய்வு முடிவுகளைப் பயன்படுத்த எது தடை என்று அமெரிக்காவில் ஃபங்க் குழுவினர் 1991இல் நர்சுகளைக் கேட்டபோது, முதலில் வந்த பதிலே 'மாற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை' என்பதுதான். நேரமின்மைகூட அதற்கு அடுத்துதான். எங்களுக்கு இதை வகுப்பில் நடத்துகிறார்கள், ஆனால் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுத யாரும் சொல்லித்தரவில்லை.

கடலூர் நைட் டியூட்டி:
ஐசிஎன் சிஸ்டர், ஜெனீவா விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. விஐபி சார்ட் இருக்கிறது, கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில். இரவில் அதைப் புரட்ட நேரமில்லை. படுக்கை ஓரத்திலேயே மாட்டலாமா என்று இன்சார்ஜிடம் கேட்கிறேன். அதற்கு டாக்டர் எழுத வேண்டியதில்லையே! உங்கள் படிவத்தின் படம் இருந்தால் போடுங்கள், நோயாளி பெயரை மறைத்துவிட்டு.