வீராவுக்குப் பச்சை மீன் கொடுக்கலாமா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 8:05

சரவணன் அண்ணன்: [காணொளி]

சரவணன் அண்ணன்: நாய்க்கு மீனைப் பச்சையாகவே கொடுத்தால் முடி பளபளக்கும் என்கிறார் இதில் வருபவர். வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடுமாம். வீராவுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மீன் வாங்கி வைத்திருக்கிறேன். நளினி அத்தை, கால்நடை மருத்துவர் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஆரம்பித்துவிடுவேன்.

பெரியப்பா: இதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா? ஓநாய் எந்தக் காலத்தில் அடுப்பு மூட்டியது?

தேவி அக்கா: அப்பா, அந்த ஓநாய் எத்தனை வயது வரை இருந்தது என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா: காலையிலேயே ஆரம்பித்துவிட்டாயா?

நளினி அத்தை: அவசரமாக ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை சரவணா, மீன் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

சரவணன் அண்ணன்: சரி அத்தை.

காலை 9:20

நளினி அத்தை: வந்துவிட்டேன். ஓநாயிலிருந்தே தொடங்குகிறேன் அண்ணா, நீங்கள் எடுத்துக் கொடுத்த பேச்சுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரையில் ஆற்றில் இறங்கி சால்மன் பிடிக்கும் ஓநாய்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தலையை மட்டும் தின்றுவிட்டு உடலைக் கரையில் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. உடலில் இருக்கும் ஒட்டுண்ணியைத் தவிர்க்கத்தான் இப்படிச் செய்கின்றனவோ என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று.

பெரியப்பா: பிறகென்ன, தலையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

நளினி அத்தை: அண்ணா, தயவுசெய்து முழுவதையும் படியுங்கள்.

நளினி அத்தை: அந்தப் பகுதியிலும் அதற்குத் தெற்கே வாஷிங்டன், ஓரிகன், வடக்குக் கலிபோர்னியா வரையிலும் நாய்களுக்கு வரும் ஒரு நோய் இருக்கிறது. சால்மன் நஞ்சு நோய் என்பார்கள். பெயரில்தான் நஞ்சு; உண்மையில் அது ஒரு பாக்டீரியா, நியோரிக்கெட்சியா என்று பெயர். அது தனியாக வராது. ஒரு தட்டைப்புழுவுக்குள் உட்கார்ந்துகொண்டு வரும். அந்தப் புழு முதலில் ஆற்று நத்தையில் வளர்ந்து, பிறகு சால்மன், டிரவுட் போன்ற மீன்களுக்குள் புகுந்துகொள்ளும். நாய் அந்த மீனைப் பச்சையாகத் தின்றால் புழு குடலில் ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியா உடலெங்கும் பரவும்.

நளினி அத்தை: பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, கழுத்தில் நெறிகட்டுவது எல்லாம் தொடங்கிவிடும். மருந்து கொடுக்காவிட்டால் பத்தில் ஒன்பது நாய் இறந்துவிடும், அதுவும் மீனைத் தின்ற இரண்டு வாரத்துக்குள். சரியான நேரத்தில் வந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே பிழைத்துக்கொள்ளும். அதே மீனைத் தின்னும் பூனைக்கு இந்த நோய் வராது. நாய்க் குடும்பத்துக்கே வாய்த்த வில்லங்கம் இது.

கார்த்திக்: அத்தை, அந்த மீனைப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?

நளினி அத்தை: ஒன்றும் தெரியாது. மீன் துள்ளிக்கொண்டிருக்கும்.

சரவணன் அண்ணன்: ஆனால் நான் வாங்கியது அந்த ஆற்று மீன் இல்லையே அத்தை. அட்டையில் பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மன் என்று போட்டிருக்கிறது. நல்ல நிறம், நாற்றமே இல்லை. புத்தம் புதியது.

நளினி அத்தை: நாய் வளர்ப்பவர்கள் பாதிப் பேர் என்னிடம் சொல்வது இந்தப் ‘புத்தம் புதியது’தான். மீன் எப்போது செத்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். செவுள் சிவப்பாக இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, நல்லது. ஆனால் புழு மீன் உயிரோடு நீந்தும்போதே உள்ளே இருந்தது. மீன் எவ்வளவு புதிதோ அவ்வளவு உயிர்ப்போடு அதுவும் இருக்கும்.

தேவி அக்கா: [படம்]

தேவி அக்கா: அத்தை, இதைப் பாருங்கள். போன வாரம் கடல்மீன் ஒன்றை அறுக்கும்போது எடுத்த படம். சதைக்குள் வெள்ளையாக ஒரு நூல் சுருண்டு கிடந்தது. நரம்பு என்று நினைத்துக் கத்தி நுனியால் நெம்பினேன். மெதுவாகத் தலையைத் தூக்கியது! அன்றைக்கு அந்த மீனைத் தொடவே மனம் வரவில்லை.

பாட்டி: ஐயோ, சாப்பிடும் நேரத்தில் இதையெல்லாம் ஏன் போடுகிறாய்?

நளினி அத்தை: படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது தேவி. ஆனால் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், கைக்கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்டு கிடப்பது அனிசாகிஸ் என்ற கடல்மீன் புழுவின் அடையாளம். மனிதருக்குள்ளும் நாய்க்குள்ளும் போனால் இரைப்பைச் சுவரில் துளைக்கப் பார்க்கும். நன்னீர் மீன்களில் வேறு கூட்டம்: நாடாப்புழு ஒன்று, கல்லீரல் தட்டைப்புழுக்கள் சில. சரவணன் வைத்திருக்கும் பண்ணை சால்மன் தயார்த் தீவனம் தின்று வளர்வதால் அதில் அனிசாகிஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பயமுறுத்துகிறேன் என்பான்.

சரவணன் அண்ணன்: அப்படியானால் இந்த மீனைக் கொடுக்கலாம்?

நளினி அத்தை: அனிசாகிஸ் இல்லை என்றால் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்களும் இல்லை என்று ஆகிவிடாது. புழு கண்ணுக்காவது தெரியும்.

பெரியப்பா: நாயின் வயிற்றில் அமிலம் அதிகம், எந்தக் கிருமியும் பிழைக்காது என்று எங்கோ படித்தேன்.

நளினி அத்தை: அப்படிப் பிழைக்காமல் போயிருந்தால் நான் காலை நேரத்தில் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன் அண்ணா. வளர்ந்த நாய் பலமுறை தாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். சிக்கல் அங்கேதான். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நன்றாக இருக்கும், ஆனால் அதன் மலத்திலும் எச்சிலிலும் கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும்.

பாட்டி: தேவி வீட்டில் குழந்தை தவழ்கிறது. அவள் நாய் சுட்டி ஓடி வந்து குழந்தையின் முகத்தை நக்குகிறது. நான் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன்.

நளினி அத்தை: அம்மா சொன்னதுதான் சரியான கேள்வி. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இருக்கும் வீட்டில் நாய்க்குப் பச்சை மீனோ பச்சை இறைச்சியோ வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சை இறைச்சி, மீன் கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கையாகவே வைத்திருக்கிறது. நாய் மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களையும் நினைத்துத்தான்.

தேவி அக்கா: சுட்டிக்கு இதுவரை பச்சையாகக் கொடுத்ததில்லை பாட்டி. இனியும் கொடுக்கப் போவதில்லை.

கார்த்திக்: ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கொடுத்தால்? மனிதர்கள் பச்சையாகச் சாப்பிடும் மீனையும் உறைய வைத்துத்தானே விற்கிறார்கள்?

நளினி அத்தை: நல்ல கேள்வி கண்ணா. மனிதர்களுக்கான விதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்வது மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கல்லாக உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம். ஒட்டுண்ணிகளுக்கு அது போதும். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரிக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும், அதையும் நாம் நாளைக்குப் பத்து முறை திறந்து மூடுகிறோம்.

நளினி அத்தை: அது புழுவுக்கு மட்டும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குளிரில் சாகாது, தூங்கும். பனி உருகியதும் எழுந்துகொள்ளும்.

பெரியப்பா: துருவப் பகுதியில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் காலங்காலமாக மீனைத்தானே தின்கின்றன? அதற்கு என்ன சொல்கிறாய்?

நளினி அத்தை: தின்கின்றன, மறுக்கவில்லை. காயவைத்ததும் உறைந்ததும். அங்கே வெளியே தொங்கவிட்டாலே மைனஸ் 30 டிகிரி. அந்த நாய்கள் ஒரு நாளில் ஓடும் தூரத்தை நம் வீரா ஒரு மாதத்தில் சோபாவுக்கும் பால்கனிக்கும் இடையே கூட நடந்திருக்க மாட்டான்.

சரவணன் அண்ணன்: வீராவை ஏன் இழுக்கிறீர்கள் அத்தை?

காலை 9:58

நளினி அத்தை: இன்னொன்று இருக்கிறது, அந்தக் காணொளிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சில மீன்களின் உடலிலேயே தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. கெண்டை, ஹெர்ரிங் போன்றவற்றில் உண்டு, சால்மனில் இல்லை. இது வைட்டமின் பி1ஐ உடைத்துப்போடும். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு நரிப் பண்ணையில் பச்சைக் கெண்டை மீனைத் தீவனத்தில் கலந்து போட்டார்கள். நரிகள் தள்ளாடி, வலிப்பு வந்து செத்தன. அந்தப் பண்ணைக்காரர் பெயரிலேயே அதைச் சாஸ்டெக் வாதம் என்று அழைக்கிறார்கள். வேகவைத்த மீனைக் கொடுத்தால் அந்தத் தொல்லை வருவதில்லை. சூட்டில் நொதி அழிந்துவிடும், ஃப்ரீசரில் அழியாது.

கார்த்திக்: அப்படியானால் ‘வேகவைத்தால் சத்துப் போய்விடும்’ என்பது இந்த மீன்களில் தலைகீழ். பச்சையாகக் கொடுத்தால்தான் சத்துப் போகிறது!

நளினி அத்தை: அதேதான். ஒரு நாள் ஒரு வாய் தின்றால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் தினமும் போடும்போதுதான் பசி குறையும், நடை தள்ளாடும், கடைசியில் வலிப்பு. அந்தக் கட்டத்தில் மீனைப் பற்றி யாருக்கும் நினைவே வராது. நாய்க்கு மூளையில் ஏதோ என்றுதான் கொண்டு வருவார்கள். முடி பளபளப்பதற்குக் காரணமான ஒமேகா 3 கொழுப்பு பெரும்பாலும் ஆவியில் வேகவைத்த மீனிலும் இருக்கும். பச்சையாகக் கொடுத்து வாங்குவதற்குத் தனியாக ஒரு லாபமும் எனக்குத் தெரியவில்லை.

சரவணன் அண்ணன்: அத்தை!!! அவசரம்

சரவணன் அண்ணன்: எல்லாரும் பேசுவதைப் படித்துக்கொண்டே மீனை எடுத்துப் பலகையில் வைத்தேன். வேகவைக்கலாம் என்றுதான். வீரா எட்டி ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போய்விட்டான். நான் கட்டிலுக்கு அடியில் குனிவதற்குள் விழுங்கிவிட்டான்!

பாட்டி: முருகா

பெரியப்பா: அவனே முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது.

தேவி அக்கா: உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

நளினி அத்தை: வேண்டாம். உப்புத் தண்ணீரே நாய்க்கு ஆபத்து. யாரும் எதையும் ஊற்றாதீர்கள். சரவணா, முள் இருந்த துண்டா? எவ்வளவு பெரியது?

சரவணன் அண்ணன்: முள் எடுத்த துண்டு. என் இரண்டு விரல் அகலம் இருக்கும். இப்போது இன்னொன்று கிடைக்குமா என்று வாசலில் நின்று பார்க்கிறான்.

நளினி அத்தை: அப்படியானால் பதற வேண்டாம். பண்ணை மீன், சிறிய துண்டு, முள் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு வாரம் கவனி: வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட மறுப்பது, சோர்ந்து படுப்பது. எது வந்தாலும் அன்றைக்கே காட்டு. யாரிடம் காட்டினாலும் முதல் வாக்கியமாக ‘இந்தத் தேதியில் பச்சை மீன் தின்றான்’ என்று சொல். அதைச் சொல்லாமல் விடுவதால்தான் பல நேரம் நோய் பிடிபடுவதில்லை. அட்டையைத் தூக்கி எறியாதே. பலகை, கத்தி, கட்டிலுக்கு அடியில் தரை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவு.

சரவணன் அண்ணன்: அட்டையைப் படம் எடுத்து வைத்துவிட்டேன்.

கார்த்திக்: அத்தை, கடற்கரையில் கரை ஒதுங்கிக் கிடப்பதை நாய் வாயில் எடுத்துவிட்டால்?

நளினி அத்தை: அதுதான் எனக்கு உண்மையிலேயே பயம். பேத்தை மீனின் நஞ்சு சூட்டிலும் அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. 2009இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் திடீர் திடீரென்று செத்தன. தேடியபோது கரை ஒதுங்கிய ஒருவகைக் கடல் நத்தையில் அதே நஞ்சு இருந்தது. அதனால் கடற்கரையில் கயிற்றை விடாதே. தூண்டில் முள் தொண்டையில் மாட்டி, வாயிலிருந்து தூண்டில் கயிறு தொங்கினால் இழுக்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

பெரியப்பா: சரி, தோற்றேன். வேகவைத்தே கொடுக்கட்டும். ஆனால் நமக்குச் சமைத்ததில் மிச்சத்தைக் கொடுத்தால் போதாதா?

நளினி அத்தை: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் அண்ணா. உப்பும் மசாலாவும் வேறு. தனியாக, வெறும் தண்ணீரில் அல்லது ஆவியில், உள்சூடு 63 டிகிரி வரும்வரை. சதை மங்கலாகி இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆறியதும் முள்ளை விரலால் தடவித் தடவி எடுங்கள். வெந்த முள் எளிதில் ஒடியும், குத்தும்.

நளினி அத்தை: கெட்ட வாடை வந்த சூரையையோ கானாங்கெளுத்தியையோ ‘நாய்க்குத்தானே’ என்று வேகவைக்கக் கூடாது. அவற்றில் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் கொதித்தாலும் போகாது. புதியதா என்று பார்க்க வேண்டியது இங்கேதான்.

தேவி அக்கா: வாரத்துக்கு எத்தனை முறை கொடுக்கலாம்?

நளினி அத்தை: ஓரிரு முறை. வழக்கமான உணவுக்கு மேல் கொடுக்கும் எல்லாத் தின்பண்டமும் சேர்ந்து அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீனும் அந்தக் கணக்குக்குள்தான். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்கள் வேண்டாம், பாதரசம் சேர்ந்திருக்கும். கணைய அழற்சி வந்த நாய்க்குக் கொழுப்பு மீன் கூடாது. சுட்டிக்கு ஒருமுறை வந்ததால் வெள்ளைச் சதை மீன் மட்டும் போதும்.

சரவணன் அண்ணன்: மீதி மீன் வெந்துகொண்டிருக்கிறது. வீரா அடுப்பங்கரைக் கதவுக்கு வெளியே. இந்த முறை கதவு சாத்தியிருக்கிறது.

பாட்டி: தோலை உரிக்க வேண்டுமா?

நளினி அத்தை: வேண்டாம் அம்மா, வெந்த தோலைத் தின்னலாம். செதில் மட்டும் போயிருக்க வேண்டும்.