வாகனத்துக்கு வாகனம் மாற்றி வைக்கக்கூடிய ஜீபீஎஸ் ஹோல்டர்: நம் வெயிலுக்கு எது பொருந்தும்?

கல்லடிவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வாடகை வாகன ஓட்டுநர் நான். ஒரு நாள் சுசுகி ஆல்டோ, மறுநாள் ரொயோட்டா வான் என்று, உரிமையாளர் தரும் வாகனத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வழி பார்ப்பதற்குக் கைத்தொலைபேசியை நம்பாமல் தனியாக ஒரு கார்மின் ஜீபீஎஸ் கருவி வைத்திருக்கிறேன். வரைபடம் கருவிக்குள்ளேயே இருப்பதால், மகாஓயாவைத் தாண்டிய காட்டுப் பாதையில் தொலைபேசி அலை மங்கினாலும் அது தன் பாட்டில் வழி சொல்லிக்கொண்டிருக்கும்.

அதை எதில் பொருத்துவது என்பதுதான் என் கேள்வி. கடையில் வாங்கிய சாதாரண சக்ஷன் கப்பை, அதாவது அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணத்தை, முன் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் ஹோல்டர் கழன்று கீழே கிடக்கிறது. கப் பிடிப்பதற்கான வழுவழுப்பான பசை வட்டத்தை டாஷ்போர்டில் ஒட்டுவதற்கு உரிமையாளர்கள் இணங்கமாட்டார்கள். மணல் பை போன்ற கனமான அடிப்பாகத்தை டாஷ்போர்டின் மேல் வெறுமனே வைக்கும் ஹோல்டர் ஒன்று கிடைக்கிறது. ஆனால் ஹசலக்கவுக்கு மேலே உள்ள பதினெட்டு வளைவுகளில் அது சறுக்கிவிடுமோ என்ற ஐயம் இருக்கிறது. ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் கிளிப்பும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

களுவாஞ்சிக்குடி கராஜ்:

தம்பி, நீங்கள் வாகனம் மாற்றி மாற்றி ஓட்டுவதால் மணல் பை அடிப்பாகம் கொண்டதையே வாங்குங்கள் என்பேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சக்ஷன் கப்பைப் பிடித்து வைத்திருப்பது பசையன்று, வெளிக்காற்றின் அழுத்தம். அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமானது என்பதால், கப்புக்குள் காற்று நுழையாத வரையில் அது நன்றாகவே பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் நிலை வேறு. அரிசோனாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்ட் சராசரியாக 69 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருந்தது. காலையில் 27 பாகையில் ஒட்டிய கப்புக்குள் எஞ்சியிருக்கும் சிறிதளவு காற்று, 70 பாகையை எட்டும்போது தன் அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். அதே சூட்டில் கப்பின் ரப்பரும் இளகி விளிம்பு நெகிழும்போது காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. கச்சான் மாதங்களில் அது கழன்று விழுவதற்கு இதுவே காரணம். டாஷ்போர்டின் சொரசொரப்பான மேற்பரப்பில் அது முதலிலேயே ஒட்டாது. பசை வட்டம் தேவைப்படுவது அதனால்தான்.

இனி உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். கனம் கூடினால் சறுக்காது என்று பலரும் நினைக்கிறார்கள்; அது சரியன்று. வளைவில் ஹோல்டரை வெளியே தள்ளும் விசையும் அதன் எடையோடு சேர்ந்தே கூடுகிறது. 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் திருப்பினால், பக்கவாட்டுத் தள்ளுவிசை அந்தப் பொருளின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சமதளமான, உலர்ந்த டாஷ்போர்டில் நல்ல ரப்பர் அடிப்பாகம் அதைத் தாங்கிக்கொள்ளும். 40 கிலோமீற்றரில் திருப்பினால் தாங்குவது கடினம். ஆகவே பார்க்க வேண்டியது அடியில் உள்ள ரப்பரின் தரத்தையும், அடிப்பாகம் அகலமாக இருக்கிறதா என்பதையும், டாஷ்போர்டின் வளைவுக்கேற்ப அது படிந்து உட்காருகிறதா என்பதையும்தான். கனத்தின் பயன் அந்தப் படிதலை உண்டாக்குவதும், உயரத்தில் நிற்கும் கருவி ஆடாமல் வைத்திருப்பதும் ஆகும்.

சேர்விஸ் நிலையங்களில் டாஷ்போர்ட் பளபளப்பதற்காகப் பூசும் சிலிக்கோன் திரவம் இந்த ஹோல்டருக்குப் பகை. அது பூசிய டாஷ்போர்டில் எந்த ரப்பரும் நிற்காது. வாடகை வாகனங்களில் இதை அடிக்கடி பூசுவார்கள் என்பதால், வைக்குமுன் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர விட்டு வையுங்கள். ஹோல்டரின் அடியையும் இடைக்கிடை அவ்வாறே கழுவுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இடம். நம் நாட்டு வாகனங்களில் முன் பயணி இடப்பக்கம் இருப்பதால் அவருக்குரிய எயார் பேக்கும் இடப்பக்க டாஷ்போர்டுக்குள் இருக்கும். அதன் மூடியில் எஸ்ஆர்எஸ் என்று பொறித்திருப்பார்கள். அந்த மூடியின் மேலோ அதன் விளிம்பிலோ எதையும் வைக்கக் கூடாது. எயார் பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும். அதன் மேல் கனமான மணல் பை இருந்தால் அது பயணியின் முகத்தை நோக்கியே வரும். ஸ்டியரிங்குக்கு நேர் இடப்பக்கம், கண்ணாடியின் அடிவிளிம்பைத் தொட்டபடி வையுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தாலும் முன்னால் நகர இடமிராது.

வாங்கும்போது ஹோல்டரின் நுனியில் கருவியை மாட்டுவதற்கு உள்ள உருண்டையான குண்டையும் பார்க்க வேண்டும். கார்மின் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 17 மில்லிமீற்றர் குண்டு பொருந்தும். கருவியின் பின்பக்கக் கிண்ணத்தைக் கையோடு கொண்டுபோய் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

கல்முனை வாசகர்:

கராஜ் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லா வாகனத்துக்கும் மணல் பை சரிவராது. பழைய விட்ஸ் கார்களில் வேகமானி டாஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. அக்வாவிலும் அது நடுப்பக்கமாக, கண்ணாடிக்கு அருகே இருக்கிறது. அங்கே பை வைத்தால் வேகமானி மறையும். சில கார்களின் டாஷ்போர்ட் ஓட்டுநரை நோக்கிச் சரிந்திருப்பதால், எந்த ரப்பர் இருந்தாலும் பை மெல்ல இறங்கி வரும்.

அத்தகைய வாகனங்களுக்கு முன் கண்ணாடியின் வலது கீழ் மூலையில் நல்ல சக்ஷன் கப் ஒட்டுவதே பொருந்தும். வெறும் கையால் அழுத்துவது அன்றி, நெம்புகோல் வைத்து இறுக்குவதாக இருக்க வேண்டும். கண்ணாடியின் எண்ணெய்ப் பசையை நீக்கிய பிறகு, காலைக் குளிரில் ஒட்டுங்கள். வெயிலில் நிறுத்தும்போது கழற்றி இருக்கையின் அடியில் வைத்துவிட்டால், அண்ணன் சொன்ன சூட்டுப் பிரச்சினை பாதியாகக் குறையும். கடற்கரையோரம் ஓடும் வாகனங்களில் கண்ணாடியின் உட்புறத்திலும் உப்பு படிவதைக் கவனித்திருக்கிறேன்; அதையும் துடைத்துவிட்டே ஒட்டுங்கள்.

ஏசி துவாரக் கிளிப் இலேசான தொலைபேசிக்கு மட்டுமே. துவாரத்தின் மெல்லிய தகடுகள் உடைந்தால் வாகன உரிமையாளருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

சம்மாந்துறை தையல்காரர்:

அனைவருக்கும் ஸலாம். கடையில் கிடைக்கும் அடிப்பாகம் வானின் அகலமான டாஷ்போர்டுக்குச் சிறியதாக இருந்தால், தைத்துக்கொள்ளலாம். தடித்த ரெக்சினில் நான்கு காலாகப் பிரித்துத் தைத்தால், ஒவ்வொரு காலும் தனித்தனியே மேடு பள்ளத்தில் படியும்; ஒரே பையாகத் தைத்தால் மணல் ஒரு பக்கமே சேர்ந்துவிடும். முழுமையாக நிரப்பாமல் முக்கால் பங்கு நிரப்புங்கள். கடல் மணலைத் தயவுசெய்து போடாதீர்கள். அதிலுள்ள உப்பு மாரி காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு ரெக்சினின் தையல் வழியாகக் கசியும். ஆற்று மணலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அரித்துப் போடுவது நல்லது. அடியில் இலாச்சிகளுக்குள் விரிக்கும் சறுக்காத ரப்பர் வலையைத் தைத்துவிடுங்கள். மேல்துணி மங்கிய கறுப்பாக இருக்கட்டும். வெளிர் நிறமாக இருந்தால் வெயிலில் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் தெரிந்து பார்வையை மறைக்கும்.

கல்லடிவாசி:

மூவருக்கும் நன்றி. ஆல்டோவுக்கும் வானுக்கும் மணல் பை, விட்ஸ் வந்தால் கண்ணாடி மூலை என்று தீர்மானித்திருக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி: லைட்டர் சொக்கெட்டிலிருந்து வரும் மின்கம்பி பையை இழுக்காதா?

களுவாஞ்சிக்குடி கராஜ்:

இழுக்கும். பை நகர்ந்தது என்று சொல்பவர்கள் பலருடைய வாகனங்களில் உண்மையில் இழுத்தது கம்பிதான். கியர் போடும் கையில் தொங்கும் கம்பி மாட்டுப்படுவது அதைவிட ஆபத்தானது. கம்பியைச் சொக்கெட்டிலிருந்து டாஷ்போர்டின் நடு இடுக்கு வழியாக மேலே கொண்டுபோய், பையின் ஒரு காலுக்கு அடியில் ஒரு சுற்றுத் தளர்வாக வைத்து, அதன் பிறகு கருவியில் செருகுங்கள். இழுப்பு எல்லாம் அந்தச் சுற்றிலேயே நின்றுவிடும். வாகனத்தை வெயிலில் நிறுத்தும்போது பையை விட்டுவிட்டுப் போனாலும், கருவியை மட்டும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்; உள்ளே இருக்கும் லித்தியம் பற்றரி அந்தச் சூட்டில் விரைவாகக் கெட்டுவிடும்.