ஷார்லொத் என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம். பாரிஸில் இருக்கும் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர், ஷார்லொத் என்று வைக்க ஆசைப்படுகிறார். ஷார்ல் என்ற ஆண் பெயரின் செல்லமான பெண் வடிவம் அது. மூலம் ஜெர்மானிய கார்ல். 'சுதந்திரமான ஆள்' என்று பொருள் சொல்கிறார்கள். 1761-இல் மூன்றாம் ஜார்ஜை மணந்த ராணியால் இங்கிலாந்தில் பரவியது. 2015-இல் பிறந்த குட்டி இளவரசிக்கும் இதே பெயர்தான்.

அதெல்லாம் சரி, அங்கே ஓர் உருளைக்கிழங்கு வகைக்கும் இதே பெயராம்! அம்மா வாயில் 'சாருலதா' என்றுதான் வருகிறது. (எனக்கென்னவோ அதுவே பிடித்திருக்கிறது.)

பிரான்ஸில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: பள்ளியில் கிழங்கைச் சொல்லிக் கேலி செய்வார்களா? இப்போதும் குழந்தைகளுக்கு வைக்கிறார்களா, இல்லை பாட்டி காலத்துப் பெயரா? அப்புறம், வெள்ளிக் காப்பில் தமிழில் பொறிக்க எது சரி, ஷார்லொத்தா சார்லட்டா? வெள்ளிக்கிழமைக்குள் ஆசாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.